செங்கல் மேல் நின்ற கார்

லெபோசாவா இறந்த எட்டாம் நாள், காரின் நான்கு சக்கரங்களுக்கும் நான் கறுப்புப் பெயின்ட் அடித்தேன்.

அலுமினியச் சக்கரங்கள். இருபது வருடங்களுக்கு முன் கிராகுயெவாத்ஸ் நகரத்துக் காயலான் கடையில், முன்பக்கம் நசுங்கிக் கிடந்த ஒரு ஜெர்மன் காரிலிருந்து கழற்றி வாங்கி என் காருக்குப் போட்டவை. அப்போது எங்கள் ஊரில் அலுமினியச் சக்கரம் போட்ட கார் அது ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் துடைப்பேன். லெபோசாவா சமையலறை ஜன்னலில் நின்று, "என் மொகத்த ஒரு நாளாவது இவ்வளவு உத்துப் பாத்திருக்கீங்களா?" என்பாள்.

துக்க வீட்டில் எதுவும் மின்னக் கூடாது. கண்ணாடிகளுக்குத் துணி போட்டேன். நாற்பது நாள் சவரம் செய்யவில்லை. ஒரு வருடம் வானொலியைத் தொடவில்லை. என் தாத்தா இறந்த வருடம் அப்பா வண்டிக் குதிரைகளின் கழுத்து மணிகளை அவிழ்த்துப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். என்னிடம் குதிரை இல்லை. சக்கரங்கள்தான் இருந்தன. அடுத்தவர்கள் சிரித்திருக்கலாம். என் முன்னால் யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் மாதம் வருட நினைவு வந்தது. பாதிரியார் கல்லறையில் ஜெபம் சொன்னார். வேகவைத்த கோதுமையை ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்தோம். லின்ஸ் நகரத்திலிருந்து வந்திருந்த மகள் ஸ்னேஷானா கண்ணாடிகளின் துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு, மறுநாள் பஸ்ஸில் திரும்பிப் போனாள். அவளுடைய பிள்ளைகளுக்கு எங்கள் மொழி வராது. தொலைபேசியில் "தாத்தா" என்று மட்டும் சொல்வார்கள், பிறகு மூச்சுச் சத்தம் கேட்கும்.

அந்த வாரமே இன்னொரு செய்தி வந்தது. யேவ்திச் வீட்டுப் பையன் ஓக்னியன் மியூனிக்கிலிருந்து வந்திருக்கிறான், பெண் பார்த்தாகிவிட்டது, ஈஸ்டர் முடிந்து மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றார்கள்.

யேவ்திச் குடும்பத்துக்கு நாங்கள், கவ்ரிச் குடும்பம், நான்கு தலைமுறையாகக் கூம். அவர்கள் வீட்டு மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், சாமி முன்னால், மெழுகுவத்தி பிடித்து நிற்பது எங்கள் ஆள். அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் பெயர் சொல்வது எங்கள் வாய். கூடப் பிறந்தவனோடு சண்டை போட்டு வருடக்கணக்கில் பேசாமல் இருப்பவர்கள் உண்டு. கூமோடு அப்படி இருந்தவனை எங்கள் பக்கத்தில் யாரும் மதித்ததில்லை. என் கொள்ளுத்தாத்தா அவர்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு நின்றார். போஷிதார் யேவ்திச்சின் கல்யாணத்தில் நான் நின்றேன். அவர் மகனுக்கு ஓக்னியன் என்று பெயர் வைத்ததும் நான்தான். எனக்கு ஆண் பிள்ளை இல்லை. என்னோடு இந்த முறை முடிந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். ஓக்னியனின் கல்யாணம்தான் கவ்ரிச் வீட்டார் நிற்கப் போகும் கடைசிக் கல்யாணம்.

கல்யாண ஊர்வலத்தில் கூமின் காரை எல்லோரும் பார்ப்பார்கள். கறுப்புச் சக்கரத்தோடு அதில் போய் இறங்க முடியாது.

ஆனால் ஒன்று. கூமை வந்து அழைக்க வேண்டும். மாப்பிள்ளையின் அப்பா பூக்கட்டிய மரக்குடுவையில் ரக்கியாச் சாராயம் ஊற்றி எடுத்துக்கொண்டு வீடு தேடி வருவார். கூம் ஒரு மடக்குக் குடித்து, குடுவையில் ஒரு நோட்டைச் செருகுவான். அதுவரை கூம் எதுவும் கேட்க மாட்டான், ஞாபகப்படுத்த மாட்டான், தயாராவதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டான். அழைப்பதற்கு முன்பே சூட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பவனைப் போல ஆகிவிடும். ஆகவே வேலையை யார் கண்ணிலும் படாமல் செய்வதென்று தீர்மானித்தேன்.

முற்றத்து வாதுமை மரத்தடியில் காரை ஜாக்கில் தூக்கி, நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி இறக்கினேன். சக்கரங்களை ஒவ்வொன்றாக வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோடைச் சமையலறைக்கு உருட்டிப் போனேன். டயரைப் பிரிக்கக் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரன் ஊருக்கெல்லாம் சொல்வான். பழைய டிராக்டரின் அடியில் சக்கரத்தைப் படுக்க வைத்து, டயரின் மேல் ஜாக்கை நிறுத்தி, டிராக்டரின் பாரத்தாலேயே அழுத்தி விளிம்பிலிருந்து விடுவித்தேன். எழுபத்திரண்டு வயதில் அதற்கு ஒரு டயருக்கு ஒரு முழுப் பகல் போனது.

பெயின்ட் உரிக்கும் மருந்தைத் தடவி, பிளாஸ்டிக் பை போட்டு மூடி, அரை மணி நேரம் விட்டால் கறுப்பு சுருங்கிப் பாலாடை மாதிரி எழும்பும். கரண்டியால் வழித்தேன். அதற்கு அடியில் பழைய வார்னிஷ், வார்னிஷுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்தது போன்ற கோடுகள். அலுமினியம் அரித்த தடம். ஒரு வருடம் கறுப்புக்கு அடியில் அது சும்மா இருக்கவில்லை. மூன்றாம் சக்கரத்தின் விளிம்பில் நடைபாதைக் கல்லில் உரசிய காயம் இருந்தது. அது லெபோசாவா ஓட்டிய அன்று வந்தது. அவள் ஒரே ஒருநாள்தான் ஓட்டினாள்.

அந்தக் காயத்தை அரம் போட்டு எடுத்தேன். கொஞ்சம் யோசித்த பிறகுதான் எடுத்தேன்.

பிறகு உப்புத்தாள். நூற்றெண்பதாம் நம்பர் சொரசொரப்பில் தொடங்கி, முந்நூற்றிருபது, நானூறு, அறுநூறு, எண்ணூறு, ஆயிரம் என்று போக வேண்டும். தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு நனைத்துத் தேய்க்க வேண்டும். ஒரு தாளை நெடுக்கே தேய்த்தால் அடுத்ததைக் குறுக்கே. முந்தைய கோடுகள் முழுக்கப் போன பிறகே அடுத்த தாளைத் தொடலாம். முதல் சக்கரத்தில் அவசரப்பட்டு நானூறிலிருந்து ஆயிரத்துக்குத் தாவினேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. பாலிஷ் போட்டு ஜன்னல் பக்கம் திருப்பியபோது உள்ளே நூற்றுக்கணக்கான கீறல்கள் முடி மாதிரி நின்றன. மறுபடி நானூறுக்கு இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை என்றாலும் என் காது சூடானது.

அலுமினியம் தேய்க்கும்போது கறுப்பாகத்தான் கக்கும். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு ரேகை எல்லாம் கறுத்துப் போனது. ரொட்டியில் கறுப்பு ரேகை விழுந்தது. சாப்பிடும் மேஜையில் எதிரே ஆள் இருந்திருந்தால் எழுப்பிக் கழுவ அனுப்பியிருப்பாள். நான் அப்படியே சாப்பிட்டேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் பக்கத்து வீட்டு தேசாங்கா வேலிக்கு வந்தாள். புருஷன் போய்ப் பத்து வருடமானவள். வேலிதான் அவளுக்குச் செய்தித்தாள்.

"மிலிவோயே அண்ணே, ஒங்க கார் உக்காந்துடுச்சே. முட்டை வைக்கப் போவுதா?"

"போடற முட்டையில ஒனக்கு ரெண்டு தரேன்."

"சக்கரமெல்லாம் எங்க?"

"இப்ப அது தேவையில்ல."

"தேவையில்லன்னா? கடைக்கு எப்படிப் போவீங்க?"

"காலு இருக்கில்ல."

"கையும் இருக்குது போல. கரி மூட்டை தூக்கினாப்புல இருக்கே."

"ஒனக்குக் கண்ணு நல்லாருக்கு, தேசாங்கா. அதுக்கு நன்றி சொல்லிட்டுப் போயி அடுப்பப் பாரு, தீயற வாசனை வருது."

எதுவும் தீயவில்லை. இருந்தாலும் அவள் ஓடினாள். நான் கொஞ்சம் சிரித்தேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்தேன். சாலையில் போகிறவனுக்கு அந்த முற்றம் எப்படித் தெரியும் என்று ஒருமுறைகூட நான் கேட்டுக்கு வெளியே போய் நின்று பார்க்கவில்லை. வேலை வீட்டுக்குப் பின்னால் நடந்தது. என் புத்தியும் பின்னாலேயே இருந்தது.

ஈஸ்டர் வந்தது. தனி ஆளுக்கு எத்தனை முட்டைக்குச் சாயம் போடுவது என்று தெரியாமல் ஆறு போட்டேன். ஒன்றை சாமி படத்துக்கு முன் வைத்தேன். பாக்கி ஐந்தையும் நானே நான்கு நாளில் தின்றேன். போஷிதார் வரவில்லை. ஈஸ்டருக்குப் பிறகுதான் வருவார் என்று சொல்லிக்கொண்டேன். மூன்று சக்கரங்கள் முடிந்துவிட்டன. கம்பளித் தட்டு மாட்டிய டிரில்லில் பாலிஷ் களிம்பு தேய்த்து, கடைசியில் கோதுமை மாவைத் தூவித் துணியால் துடைத்தால், மாவு எண்ணெயையும் கறுப்பையும் இழுத்துக்கொண்டு வரும். அதற்குப் பிறகு அந்த உலோகத்தில் என் முகம் தெரிந்தது. வளைந்து, மூக்கு பெரிதாக. மூன்றையும் சுவரில் சாய்த்து வைத்தேன். அவற்றுக்குள் மூன்று கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த வார வியாழக்கிழமை மதியம் போஷிதார் வந்தார்.

வண்டிச் சத்தம் கேட்டதும் டிரில்லை நிறுத்தி, சமையலறைக் கதவைச் சாத்தி, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனேன். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, சரியான நாள். அவர் காரிலிருந்து இறங்கி, செங்கல் மேல் நின்ற என் காரை ஒரு கணம் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார். கையில் ஒரு துணிப்பை. பையில் கண்ணாடி பாட்டிலின் கழுத்து தெரிந்தது. மரக்குடுவை இல்லை. பூ இல்லை.

"கூமே, சௌக்கியமா?"

"சௌக்கியம், கூமே. உள்ள வாங்க."

கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டுக்கொண்டோம். உட்கார வைத்தேன். தட்டில் செர்ரிப் பழ இனிப்பும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தேன். அவர் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீர் குடித்தார். என் கைகளைப் பார்த்தார். நான் அவற்றை மேஜைக்குக் கீழே இறக்கினேன்.

"வேலைக்குப் போறீங்களா?" என்றார் மெல்ல.

"வீட்டு வேலைதான்."

"ம்." அவர் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். திறக்கவில்லை. "ஓக்னியனுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம்."

"கேள்விப்பட்டேன். நல்ல எடமாம்."

"நல்ல எடம். பொண்ணு ஸ்கூல்ல டீச்சர்." தண்ணீர் டம்ளரை ஒரு சுற்று சுற்றினார். "கூமே, நான் நேராவே பேசறேன். எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது."

"பேசுங்க."

"இப்பல்லாம் கல்யாணம்னா முன்ன மாதிரி இல்ல. முந்நூறு பேரு, ரெண்டு பேண்டு. கூமா நிக்கறவருக்கு அது பெரிய பாரம். மோதிரம், பொண்ணுக்கு நகை, மூணு நாள் செலவு. ஒங்க வீட்டுல ஒரு சாவு நடந்திருக்கு. ஒரு வருஷமா ஒத்தையா இருக்கீங்க. ஒங்க மேல இதையும் தூக்கி வைக்க எனக்கு மனசு வரல. என் பொண்டாட்டிக்கும் வரல. ரெண்டு ராத்திரி தூங்கல நாங்க."

நான் மேஜைக்குக் கீழே நகக்கண்ணைச் சுரண்டினேன்.

"ஓக்னியனோட மியூனிக்ல வேலை செய்யற பையன் ஒருத்தன் இருக்கான். ஆலெக்ஸா. நம்ம பக்கத்து ஆளுதான். அவன் நிக்கறேன்னு சொல்றான்." அவர் தலையைத் தூக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. "ஒங்க ஆசி இல்லாம நான் அவன நிறுத்த மாட்டேன். நீங்க ஒத்துக்கலன்னா இந்தக் கல்யாணத்துக்குக் கூம் நீங்கதான், எப்படியாவது நடத்திக்கலாம். ஆனா ஒங்கள சங்கடத்துல மாட்டிவிடக் கூடாதுன்னுதான்…"

கூம் முறை வேறு கைக்குப் போக வேண்டுமென்றால் பழைய கூம் மனம் கோணாமல் விட்டுக்கொடுக்க வேண்டும். கோணி விட்டால் அந்தக் கல்யாணம் தழைக்காது என்பார்கள். அவர் தயவுதான் செய்ய வந்திருந்தார். அதுதான் உட்கார முடியாமல் செய்தது.

எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. முற்றத்துக் கார். கறுத்த கை. தேசாங்காவிடம் நான் சொன்ன பதில். ஊரில் அது என்னவாக மாறி அவர் வீட்டுக்குப் போயிருக்கும் என்று யோசிக்கத் தேவையில்லை. மிலிவோயே கவ்ரிச் காரின் சக்கரத்தை விற்றுத் தின்கிறான்.

கோடைச் சமையலறைக் கதவு அங்கிருந்து இருபது அடி. எழுந்து, "இப்படி வாங்க கூமே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சுவரோரம் மூன்று சக்கரம் கண்ணாடியாக இருந்தது. ஆனால் அதைக் காட்டினால் அது என்ன? எனக்கு ஆசை இருக்கிறது, ஆறு வாரமாக முட்டி தேய உட்கார்ந்து தயாராகிறேன், தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள் என்பதுதானே. கவ்ரிச் வீட்டில் நான்கு தலைமுறையாக யாரும் கூம் ஸ்தானத்தைக் கேட்டு வாங்கவில்லை.

நான் எழுந்து இரண்டு சின்னக் குப்பிகளை எடுத்து வந்து, அவர் கொண்டுவந்த பாட்டிலைத் திறந்து ஊற்றினேன்.

"நாலு தலைமுறை ஒருத்தர ஒருத்தர் அவமானப்படுத்தாம வந்திருக்கோம். என் பக்கத்துல ஒரு கொறையும் இல்ல. அந்தப் பையன் நிக்கட்டும். ஒங்க வீடு நெறையட்டும், கூமே."

குடித்தோம். அவர் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்தார். தோளில் அவர் முகம் ஈரமாக இருந்தது. அவருக்குப் பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது.

"நீங்க கல்யாணத்துக்கு வரணும். முதல் மேஜையில உக்காரணும்."

"பாக்கறேன், கூமே. கால் வலி."

எனக்குக் கால் வலி கிடையாது.

அவர் போன பிறகு கோடைச் சமையலறைக்குத் திரும்பினேன். நான்காவது சக்கரம் எண்ணூறில் நின்றிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எல்லாவற்றையும் சாக்கில் போட்டு மூடலாம் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆயிரம் தாளைத் தண்ணீரில் நனைத்தேன். வேறு என்ன செய்வது. சாயங்காலம் வர இன்னும் நேரம் இருந்தது, அதற்குப் பிறகு ராத்திரியும் இருந்தது.

அந்த மூன்று வாரமும் அவசரம் இல்லாமல் செய்தேன். ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம். நான்காவதுதான் எல்லாவற்றிலும் நன்றாக வந்தது. ஞாயிறுகளில் ஸ்னேஷானா பேசினாள். "கூம் சூட் சரியாருக்காப்பா? வயிறு முட்டலியே?" என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்றேன். போட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை டயர்களை மாட்டிக் காற்றடித்தேன். பேலன்ஸ் பார்க்கவில்லை. ஓடப் போகாத சக்கரத்துக்கு அது வேண்டாம். காரைச் செங்கல்லிலிருந்து இறக்கி, போல்ட்டுகளை முறுக்கி, செங்கற்களை ஒன்று விடாமல் அள்ளிப் பின்னால் கொண்டுபோய் அடுக்கினேன். காரைக் கேட்டுக்கு நேராக, சாலையிலிருந்து பக்கவாட்டில் தெரியும்படி திருப்பி நிறுத்தினேன். ஊர் பார்க்கட்டும் என்று செய்தேன். கவ்ரிச் வீட்டில் எதுவும் விற்கப்படவில்லை என்று தெரியட்டும். போஷிதாரைக் குத்த வேண்டும் என்ற எண்ணம் துளியும் இல்லை என்று எழுதினால் அது பொய்.

ஞாயிறு காலை சூட்டைப் போட்டுக்கொண்டு, கேட்டின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்து, காரின் பக்கத்தில் நின்றேன். பெண் வீட்டுக்குப் போகும் ஊர்வலம் என் வீட்டு வழியாகத்தான் போக வேண்டும். வேறு சாலை இல்லை.

பத்து மணிக்கு ஹாரன் சத்தம் பாலத்துப் பக்கம் கேட்டது. முதல் காரில் கொடி பிடித்தவன் ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தான். இரண்டாவது புதுக் கார், கண்ணாடிகளில் பூவேலை செய்த துண்டு கட்டியிருந்தது. கூமின் கார். பிறகு மாப்பிள்ளை, பிறகு போஷிதார், பின்னால் முப்பது நாற்பது வண்டி. நான் கையைத் தூக்கினேன். வெயில் சக்கரங்களில் பட்டு எதிர்ச் சுவரில் இரண்டு வெளிச்சம் விழுந்திருந்தது.

கொடிக்காரனின் கார் தாண்டிப் போனது. நான்காவது கார் நின்றது. பின்னால் வந்தவையெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் பிரேக் போட்டன. முன்னால் போனவையும் நின்றன. பேண்டுக்காரன் ஒருவன் கொஞ்ச நேரம் தனியாக வாசித்துவிட்டு நிறுத்தினான்.

போஷிதார் இறங்கி வந்தார். சட்டையில் ரோஸ்மேரிக் கிளை குத்தியிருந்தது. என்னைப் பார்க்காமல் நேராகக் காரிடம் போய், குனிந்து, சக்கரத்தின் மேல் கையை வைத்தார். எடுத்தார். விரல் தடம் அதில் இருந்தது.

"சக்கரத்த வித்துட்டதா சொன்னாங்க," என்றார்.

"யாரு?"

"எல்லாருந்தான்."

"எல்லாருகிட்டயும் ரசீது இருந்துச்சா?"

அவர் சிரிக்கவில்லை. "இத நீங்க… எங்க கல்யாணத்துக்காகவா?"

"பழைய சக்கரம், கூமே. தொடச்சேன்."

"அன்னிக்கி நான் வந்தப்ப இது எங்க இருந்துச்சு?"

"பின்னால."

"ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீங்க கேக்கல."

வேலிக்கு அந்தப் பக்கம் தேசாங்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. போஷிதார் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. கிட்டே வந்து என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"வார்த்தையத் திருப்பி எடுத்துக்கங்க. ஒங்களுக்கு அந்த உரிமை இருக்கு. இங்கயே, இப்பவே. அந்தப் பையன எறக்கி என் கார்ல ஏத்திக்கறேன். நீங்க முன்னால வாங்க. ஒங்க கார்ல. நான் எல்லாருக்கும் சொல்லிக்கறேன், தப்பு என்னோடதுன்னு."

நாற்பது கார்களிலிருந்தும் தலைகள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்றாவது காரின் ஜன்னலில் ஓக்னியன். ஞானஸ்நானத்தன்று எச்சிலும் தண்ணீருமாக என் கையில் கிடந்த முகம். அவன் எனக்குத் தலையை ஆட்டினான், வாங்க என்று. அந்தக் கணம் நான் சரி என்று சொல்லியிருப்பேன். அவனுக்கு முன்னால் நின்ற கார்தான் குறுக்கே வந்தது.

அந்த இரண்டாவது காரிலிருந்து ஒருவன் இறங்கி நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும். தோளில் குறுக்காகக் கூமுக்குரிய துண்டு. புது சூட்டில் அக்குள் நனைந்திருந்தது. ஏதோ தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு, கழற்றுவதா வேண்டாமா என்று நின்றான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தவன். அவனுக்கும் ஓர் அப்பா இருப்பார். மகனைக் கூமாகக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெருவில் சொல்லியிருப்பார்.

"இல்ல," என்றேன்.

"கூமே…"

"துண்டு போட்டாச்சு. என் வீட்டு வாசல்ல ஒரு கூமக் கழுத்தப் பிடிச்சு எறக்கினாங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. அது ஒங்களுக்கும் அசிங்கம், எனக்கும் அசிங்கம்."

"நான் எப்படி இனிமே ஒங்க மொகத்துல முழிப்பேன்?"

"முன்ன மாதிரிதான். போங்க. பொண்ணு காத்திருக்கும்."

அவரைத் தாண்டி அந்தப் பையனிடம் நடந்து போனேன். அவன் கையை நீட்டினான். கை குளிர்ந்திருந்தது.

"ஐயா, நான் ஏதாவது தப்பா…"

"நீ ஒண்ணும் பண்ணல. ஆலெக்ஸாதானே ஒம்பேரு?"

"ஆமாங்கய்யா."

"மொதத் தடவையா நிக்கற, இல்ல இதுக்கு முன்னால நின்னிருக்கியா?"

"மொதத் தடவைங்க."

"கோயில்லேருந்து வெளிய வந்ததும் பசங்க கத்துவாங்க, கூமே ஒங்க பை தீயுதுன்னு. அப்ப காசு வீசணும். சில்லறை வச்சிருக்கியா?"

அவன் சட்டைப்பையிலிருந்து இரண்டு யூரோ நோட்டுகளை எடுத்தான். எடுத்துவிட்டு அவனுக்கே வெட்கமாகப் போனது.

"நோட்டையா வீசுவ? காத்துல பறக்கும், பெரியவன் பொறுக்குவான்." உள்ளே போய் அலமாரியிலிருந்து துணிப்பையை எடுத்து வந்தேன். மார்ச்சிலிருந்து ஒவ்வொரு கடையிலும் சில்லறையாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். "ஒரே எடத்துல கொட்டாத. அப்படிப் போட்டா முட்டி மோதி மண்டைய ஒடச்சுக்குவாங்க. வெதைக்கிற மாதிரி அகலமா வீசு. ஓரத்துல நிக்கற சின்னதுங்க பக்கமும் விழணும். கடைசில ஒரு பிடி கையில வச்சுக்க, கத்திட்டே கார் பின்னால ஓடி வருவாங்க."

அவன் பையை மார்போடு அணைத்துக்கொண்டான். "நீங்க வரலியாய்யா?"

"கால் வலி," என்றேன்.

போஷிதார் இன்னும் என் காரின் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஓக்னியன் இறங்க ஒரு காலை வெளியே வைத்தான். நான் கையைக் காட்டி அவனை உட்கார வைத்தேன். மாப்பிள்ளை வழியில் இறங்கக் கூடாது. யாரோ பின்னால் ஹாரன் அடித்தார்கள். பேண்டு தொடங்கியது, முதலில் சுருதி சேராமல், பிறகு சரியாக. கார்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒவ்வொரு வண்டியிலும் இருந்தவர்கள் என் பக்கம் பார்த்துத் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள். நானும் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்தேன். கடைசி வண்டி போகும்போது கழுத்து வலித்தது.

"அண்ணே, போயிருக்கலாமில்ல?" என்றாள் தேசாங்கா வேலியிலிருந்து. அழுதுகொண்டிருந்தாள். "நான்தாண்ணே வாய வச்சிட்டு சும்மா இருக்க முடியாம…"

"காப்பி போட்டிருக்கியா?"

"போடறேன். கொண்டு வரட்டா?"

"வேணாம். நீ குடி."

கேட்டுக் கதவுகளைச் சாத்தித் தாழ் போட்டேன். பேண்டுச் சத்தம் மலைத் திருப்பம்வரை கேட்டது, அப்புறம் இல்லை. சூட்டைக் கழற்றி மாட்டினேன். கைகளைக் கழுவினேன். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. அது தானாக வளர்ந்து வெளியே வந்தால்தான் உண்டு. சமையலறைக்குள் வந்து கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றுகூட ஆகவில்லை.